ஒயர்மேனின் உழைப்புப் பங்கு

ஒயர்மேன் இறந்து ஏழாவது மாதம் மறுபடியும் வேலைக்கு வந்தார். காலையில் மன்றத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாக, தோளில் காக்கிப் பையும் சட்டைப் பையில் டெஸ்டருமாக உள்ளே நுழைந்தார். மேடைக்குப் பின்னால் சாத்தியிருந்த ஏணியை எடுத்து நிறுத்தி, மேலே ஏறி, பழைய ஒயர்களைப் பிரிக்க ஆரம்பித்தார். அப்போது கூடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மன்றத்தின் செயலாளர்; கையிலிருந்த டீயை மொத்தமாகத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். இன்னொருத்தி ஒயர்மேனின் மனைவி. அவள் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, முப்பது வருடப் பழக்கத்தில், “ஏணி ஆடுதுங்க, பாத்து” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு மயக்கம் வந்தது.

நடந்தது இதுதான். மில் ஓடிய காலத்தில் தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூலியைப் போட்டுக் கட்டியது அந்த மன்றம். பெரிய கூடம், மரமேடை, மாடியில் ஒரு படிப்பறை, எல்லாவற்றுக்கும் மேலே ஒழுகுகிற கூரை. மில்லை மூடிவிட்டுப் போனவர்கள் மன்றத்தை எடுத்துக்கொண்டு போக முடியாததால் விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அதை நிமிர்த்தி வைத்திருந்தது ஒயர்மேனின் மனைவி எழுதிய விண்ணப்பங்கள்தான். ஊரில் அவளுக்கு மனுக்காரம்மா என்றே பெயர். கலைக்கு உதவ ஓர் அறக்கட்டளை, பழைய கட்டிடங்களைக் காப்பாற்ற ஒரு நிதியம், தெரு மக்களை ஒன்றுசேர்க்க ஓர் அமைப்பு என்று எது எங்கே இருக்கிறது, எந்த மாதம் வாயைத் திறக்கும், என்ன சொன்னால் மனம் இளகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதே கூரையை ஒருவருக்குப் பாரம்பரியம் என்று எழுதுவாள், இன்னொருவருக்குச் சமூகக்கூடம் என்று எழுதுவாள், மூன்றாமவருக்குச் சிறுவர்களின் எதிர்காலம் என்று எழுதுவாள். மூன்றும் பொய்யில்லை. கூரை மூன்று பேருக்காகவும் ஒழுகத்தான் செய்தது.

மானியம் கொடுக்கிறவர்கள் ஆயிரம் விதம் என்றாலும் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று: செலவில் ஒரு பங்கை வாங்குகிறவர்களும் போட வேண்டும். கையில் காசில்லாதவர்கள் அதை உழைப்பாகப் போடலாம். இன்னார் இவ்வளவு நேரம் கூலி வாங்காமல் வேலை செய்வார் என்று பெயர் போட்டு எழுதினால் போதும், உழைப்புப் பங்கு என்று ஏற்றுக்கொள்வார்கள். மன்றத்தின் உழைப்புப் பங்கில் எப்போதும் முதல் பெயர் ஒயர்மேனுடையது. மனுக்காரம்மா அவரைக் கேட்டெல்லாம் எழுத மாட்டாள். எழுதிவிட்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் சொல்வாள். அவரும் “எழுதிட்டியா, சரி” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊருக்கெல்லாம் விளக்கு போட்ட அந்த மனுஷன் சொந்த வீட்டுச் சமையலறையில் தீப்பொறி தெறிக்கும் சுவிட்சை மட்டும் நாளைக்குப் பார்க்கிறேன், நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

விண்ணப்பம் எழுதுகிற தொழிலில் யாரும் விண்ணப்பத்தைப் புதிதாக எழுதுவது கிடையாது. போன வருடத்தியதை எடுத்து, வருடத்தை மாற்றி, விலைவாசியை ஏற்றி, நாலு வரியை இடம் மாற்றிப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அவர் போன அந்த வருடம் மனுக்காரம்மாவும் அதைத்தான் செய்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து வருடத்தை மாற்றினாள், விலைகளை மாற்றினாள். உழைப்புப் பங்கைப் பார்க்க மறந்துவிட்டாள். அனுப்பிய பிறகு கவனித்துப் பதறிப்போய் செயலாளரிடம் சொன்னபோது, “விடுங்கம்மா, கேட்டா பாத்துக்கலாம். அவங்க எங்க படிக்கப்போறாங்க” என்றார் அவர். படித்திருக்கிறார்கள். மானியம் வந்தது. முதல் தவணை வங்கியில் விழுந்த மறுநாள் காலைதான் ஒயர்மேன் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து நின்றார்.

ஊர் முதலில் மூக்கின் மேல் விரலை வைத்தது. பிறகு விரலை எடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. உயிரோடிருந்தபோது எப்படி வேலை செய்தாரோ அப்படியேதான் செய்தார், இன்னும் கொஞ்சம் சுத்தமாக. மேடையில் படிந்திருந்த தூசியில் அவர் கால் பட்ட தடம் விழவில்லை. அவர் இழுத்த கம்பிகளில் ஓடிய மின்சாரத்தை மீட்டர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை; மின்வாரியத்திலிருந்து ஆள் வந்து மீட்டரை மாற்றிப் பார்த்தார், புது மீட்டரும் அசையவில்லை, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அக்கம்பக்கத்தார் வீட்டில் பழுதாகிக் கிடந்த இஸ்திரிப்பெட்டியையும் மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒயர்மேன் தொடவில்லை. விண்ணப்பத்தில் அது இல்லை என்றார். மானியம் கொடுத்தவர்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர், கண்ணாடி போட்ட ஒரு பெண், ஏணிக்குக் கீழே நின்று அவரிடம் கையெழுத்து கேட்டாள். பேனா எழுதவில்லை, தாளில் பள்ளம் மட்டும் விழுந்தது. பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தன்னார்வலர் பணியில் இருக்கக் காணப்பட்டார் என்று குறித்துக்கொண்டு போனாள்.

மனுக்காரம்மாவுக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரைக் கடைசியாக அனுப்பி வைத்த அன்று அவள்தான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தாள் அந்தச் சந்தன நிறச் சட்டையை. நல்ல நாளுக்கென்று வைத்திருந்த சட்டை. அதையே போட்டுக்கொண்டு ஏணி ஏறி, ஒட்டடையில் தேய்த்து, கிரீஸ் கறையோடு நிற்கிறாரே என்று முதலில் அதற்குத்தான் அழுதாள். அப்புறம் பக்கத்தில் போய், தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள்.

“கரண்ட் இருக்கு, தள்ளி நில்லு” என்றார் அவர்.

“வேலையை முடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க.”

“வீடு அதுல எழுதலையே.”

அவ்வளவுதான் பேச்சு. திருகாணியைக் கேட்டால் திருகாணியைப் பற்றிச் சொன்னார், ஒயரைக் கேட்டால் ஒயரைப் பற்றிச் சொன்னார். அவள் என்ன எழுதியிருந்தாளோ அந்த அளவுக்குத்தான் வந்திருந்தார். உயிரோடிருந்தபோது ஏணி மேலிருந்தபடியே கேலி பேசி, கீழே நிற்பவர்களைச் சிரிக்க வைத்து, ஒரு மணி நேர வேலையை மூன்று மணி நேரம் செய்கிற ஆள். அதையெல்லாம் எந்த விண்ணப்பத்தில் எழுத முடியும்? உழைப்பு என்று எழுதியிருந்தாள், உழைப்பு மட்டும் வந்தது. எழுதிய நேரம் தீர்ந்த அன்று, ஒரு திருகாணி பாதி ஏறியிருக்கும்போதே கீழே இறங்கி, பையை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பாதித் திருகாணியைப் பார்த்துக்கொண்டே அவள் சாயங்காலம் வரை நின்றாள்.

அதற்கப்புறம் அவள் எழுதிய விண்ணப்பங்களைப் பற்றி ஊரில் இன்றைக்கும் பேசுவார்கள். பிசாசு பிடித்த மாதிரி எழுதினாள். அவள் கதவைத் தட்டாத அறக்கட்டளை இல்லை. மாடிப் படிப்பறைக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஒன்று, சித்திரக் கண்காட்சிக்குச் சுவர் விளக்குகள் என்று ஒன்று, மில் தொழிலாளர்களின் பழைய நினைவுகளைக் குரலில் பதிவுசெய்யத் தனி அறையும் அதற்கு ஒயரிங்கும் என்று ஒன்று. ஒவ்வொன்றிலும் உழைப்புப் பங்கில் முதல் பெயர் அவர்தான். சும்மா சொல்லக் கூடாது, மகா கெட்டிக்காரி. எழுதியதில் பாதிக்கு மேல் கிடைத்தது. ஒருமுறை தன் வீட்டுச் சமையலறையையே பாதுகாக்க வேண்டிய பழமையான கட்டிடம் என்று நிதியத்துக்கு எழுதிப் பார்த்தாள். சுவிட்சைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருந்தாள். போதிய தொன்மை இல்லை என்று பதில் வந்தது. இரண்டு நாள் அந்த நிதியத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

மானியம் வந்த மறுநாள் காலை அவர் வருவார். தீர்ந்ததும் போவார். ஒரு மானியத்துக்கும் அடுத்த மானியத்துக்கும் நடுவில் வரும் நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது. தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருடங்கள் இப்படியே போயின. மன்றத்தில் விளக்கு போட இடமே இல்லாமல் போயிற்று. செயலாளர் அண்ணாந்து பார்த்துக் கையைப் பிசைந்தார். “அம்மா, இன்னும் எத்தனை லைட்டும்மா? கூரை எப்ப விழுமோன்னு இருக்கு. விழுற கூரைக்கு இவ்வளவு வெளிச்சமா?” அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொன்றும் நடந்தது. ஒயர்மேன் உயிரோடிருந்தபோது மன்றத்து வேலை என்றால் தெருவிலிருந்து நாலு பேராவது கைகொடுக்க வருவார்கள். அவர் செத்து வர ஆரம்பித்த பிறகு உயிரோடிருக்கிறவர்களில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அதான் அவரு இருக்காரே என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்தாள். ஒயர்மேனின் ஒரே தங்கை, வெளியூரில் தையற்கடை வைத்திருந்தவள். அண்ணன் வேலைக்கு வருகிறாராம் என்ற சேதியை அவள் முதலில் நம்பவில்லை, பிறகு வரத் துணியவில்லை. மனதைத் தேற்றிக்கொண்டு கடைசியில் வந்துவிட்டாள். கூடத்தின் பின் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, பகல் பொழுது முழுக்க அவரைப் பார்த்தாள். சாயங்காலம் எழுந்து அண்ணியிடம் வந்தாள்.

“அண்ணி, அண்ணன் முகத்தைப் பாத்தீங்களா?”

“தினம்தானே பாக்குறேன்.”

“இல்ல அண்ணி. வந்துட்டாரான்னு பாத்திருக்கீங்க. அவரைப் பாக்கல. இருந்த வரைக்கும் ஒரு நாள் உக்கார விட்டீங்களா? போயும் வேலை வாங்குறீங்களே.”

மனுக்காரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும், நீ எத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனாலும் திரும்பிப் பார்த்தாள். ஏணியில் நின்றவரின் தோள்கள் ஈரத் துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தன. சந்தனச் சட்டை நைந்து, எந்த நிறம் என்று சொல்ல முடியாதபடி ஆகியிருந்தது. விரல் நுனிகள் தேய்ந்து போயிருந்தன. பல்பைத் திருகும்போது வெளிச்சம் அந்த விரல்களின் ஊடாகவே இந்தப் பக்கம் வந்தது. கண்களுக்குக் கீழே, வருடக்கணக்கில் தூங்காதவனுக்கு விழுகிற கருப்பு. இதெல்லாம் இன்று நேற்று வந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஏணிக்குக் கீழே போய் நின்றாள். “களைப்பா இருக்குதாங்க?”

அவர் வேலையை நிறுத்தவில்லை. வழக்கம் போல ஒயரைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள்.

“போய்ப் படுப்பேன்” என்றார். “கண்ணை மூடறதுக்குள்ள யாரோ பேரைப் படிக்கிறாங்க. எந்திரிச்சு வந்துடறேன்.”

“யாரு படிக்கிறாங்க?”

“யாருன்னு தெரியல. பேரைத் தப்பில்லாம படிக்கிறாங்க. படிச்சா வந்துதானே ஆகணும்.”

அன்று அவளை நாத்தனார்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. துக்கம்கூட அப்புறம்தான். யாரை இருக்க வைப்பதற்காக இத்தனை வருடம் எழுதினாளோ அவரைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக எழுதித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் விஷயம் அத்தோடு முடிகிறதா? மேஜை மேல் அப்போது ஒரு விண்ணப்பம் கிடந்தது. அதுவரை எழுதியதிலேயே பெரியது. பழைய கட்டிடங்களுக்கான நிதியம் கூரை முழுவதையும் மாற்றித் தருகிறேன் என்றிருந்தது. மழைக்காலத்துக்குள் கூரையைச் சரிசெய்யாவிட்டால் மன்றத்தைப் பூட்டி சீல் வைப்போம் என்று நகராட்சி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பெரிய மானியம் என்பதால் உழைப்புப் பங்கும் பெரியது. அத்தனையையும் அவள் ஒற்றை ஆளின் தலையில் கட்டியிருந்தாள். அவர் பெயரை அடித்தால் பங்கு இல்லை, பங்கு இல்லாவிட்டால் மானியம் இல்லை, மானியம் இல்லாவிட்டால் மன்றம் இல்லை. அடிக்காவிட்டால், கூரை முடிந்த பிறகு பராமரிப்பு என்றும் எழுதியிருந்ததால், மூன்று வருடத்துக்கு அவர் ஒவ்வொரு காலையும் வருவார். மூன்று வருடம்! அவள் அந்தக் காகிதத்தை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அவளுக்கு அறக்கட்டளைகளைக் கேட்கத் தெரியும், அக்கம்பக்கத்தைக் கேட்கத் தெரியாது. முதல் வீட்டு வாசலில் நின்று சமூகப் பங்கேற்பு என்று ஆரம்பித்துவிட்டாள். அந்த வீட்டு லாரி டிரைவர் திருதிருவென்று விழித்தார். கூட வந்த நாத்தனார்தான் இடையில் புகுந்தாள். “அண்ணே, எங்கண்ணன் செத்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் உங்களுக்காக வேலை செய்யறாரு. நல்லாயிருக்கா இது?” டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். ஓடு ஏற்றி இறக்க வண்டி தருகிறேன், நானும் வருகிறேன் என்றார். அடுத்த வீட்டில் ஒரு கொத்தனார், அதற்கடுத்ததில் வேலையில்லாமல் இருந்த அக்கா தங்கை இருவர். சிலர் கதவைத் திறக்கவே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். செயலாளர் தனக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தெரியும் என்றார். தெரியாது என்பது பின்னால் தெரிந்தது. “என் பேரையும் போடுங்க அண்ணி. ஒயர் கியர் தெரியாது, பெருக்குவேன்” என்றாள் நாத்தனார். உழைப்புப் பங்கு ஒருவழியாக நிரம்பியது.

அவர் பெயரை அடிப்பதற்கு மட்டும் ஒரு முழு மதியம் பிடித்தது. எத்தனையோ விண்ணப்பங்களில் எத்தனையோ வரிகளை இரக்கமில்லாமல் வெட்டியவள் அவள். பேனாவை வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி பேனாவை எடுத்தாள். அடித்துவிட்டாள்.

அப்புறம் பக்கத்தைத் திருப்பினாள். பயனாளிகள் என்று ஓர் இடம் எல்லா விண்ணப்பத்திலும் வரும். இந்த வேலையால் யார் பயனடைவார்கள் என்று கேட்கிற இடம். அங்கே எல்லோரும் பொதுமக்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அவளும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறாள். இந்தத் தடவை பொதுமக்கள் என்று எழுதி, அதற்குக் கீழே ஒரே ஒரு ஆளின் பெயரை எழுதினாள். என்ன பயன் என்ற இடத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நிகழ்ச்சி பார்ப்பார் என்று எழுதினாள். எவ்வளவு நேரம் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. எந்த நேரத்தை எழுதினாலும் யாரோ அதைப் படிப்பார்கள், அவர் எழுந்து வந்துவிடுவார். கடைசியில், அவர் இஷ்டம் என்று எழுதி உறையை ஒட்டினாள்.

மானியம் கிடைத்தது. மறுநாள் காலை அவள் கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டுக் கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. லாரியில் ஓடு வந்து இறங்கியது, தெருக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் வேலை செய்தார்கள், மழைக்கு முன்னால் கூரை நிமிர்ந்தது. மதிப்பீட்டாளர் வந்து பயனாளிகள் பட்டியலில் விரலை வைத்து, இவர் எங்கே என்று கேட்டாள். “வருவாரு” என்றாள் மனுக்காரம்மா. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. வீட்டில் சமையலறை சுவிட்சை வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிக்கொண்டாள். அவர் நன்றாகத் தூங்கட்டும் என்று வெளியே சொன்னாள். உள்ளுக்குள், அவர் இஷ்டம் என்று எழுதியிருக்க வேண்டாமோ என்று பலமுறை நினைத்தாள், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர் வந்தது மறு வருடம், ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டு நிகழ்ச்சி. பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் மனுக்காரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, அப்புறம் காலியாக இல்லை. பை இல்லை, டெஸ்டர் இல்லை. சந்தனச் சட்டை கறை போய், அவள் எடுத்துக் கொடுத்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார், எடுத்தார், முட்டியில் வைத்தார். அவள் மேடையையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி கிரீச் கிரீச்சென்று கத்தியது. அவர் அண்ணாந்து பார்த்தார். பேரிங் போயிருக்கு என்று முணுமுணுத்தபடி எழுந்திருக்கப் போனார்.

அவள் சட்டென்று அவர் கை மேல் தன் கையை வைத்தாள். தள்ளி நில் என்று அவர் சொல்லவில்லை.

“நீங்க இப்ப பயனாளி” என்றாள். “பேசாம உக்காருங்க.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“சரி” என்று சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போனார். குறட்டை விட்டார், உயிரோடிருந்தபோது விட்ட அதே குறட்டை. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒயர்மேன்தானே என்று முன்னால் திரும்பிக்கொண்டார்கள். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

இப்போதும் வருகிறார். சில மாதம் இரண்டு மூன்று தடவை, சில மாதம் வருவதே இல்லை. நல்ல நிகழ்ச்சி, மோசமான நிகழ்ச்சி என்ற பேதமெல்லாம் கிடையாது. மோசமான நிகழ்ச்சியில் இன்னும் நன்றாகத் தூங்குகிறார். நிதியத்துக்குப் போகும் ஆண்டறிக்கையில் அவருடைய வருகையையும் சேர்த்தே எழுதுகிறார்கள், அவர்களும் சேர்த்தே படிக்கிறார்கள். மூன்றாவது வரிசைக்கு மேலே இருக்கும் மின்விசிறி மட்டும் இன்றைக்கும் கத்துகிறது. ஒவ்வொரு தடவையும் அவர் அண்ணாந்து பார்த்து எழுந்திருக்கப் போவார், அவள் கையை வைத்து உட்கார வைப்பாள். அதைச் சரிசெய்யப் பணம் தருகிறோம் என்று இரண்டு அறக்கட்டளைகள் தாமாகவே எழுதிக் கேட்டுவிட்டன. மனுக்காரம்மா விண்ணப்பிக்கவில்லை.